மோட்டார்ஹோமில் கிழிந்த டக்ட் குழாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா, கனடா பக்கம் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வண்டி) வைத்திருப்பவர்கள் குளிர் தொடங்கியதும் கேட்கும் கேள்விகளில் பாதி, தரைக்கடியில் சூடான காற்றைக் கொண்டுபோகும் நெளிகுழாயை, அதாவது டக்ட்டைப் பற்றித்தான் இருக்கும். புரொப்பேன் ஃபர்னஸ் (கேஸை எரித்து வண்டியைச் சூடாக்கும் அடுப்பு) உள்ள வண்டி என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அங்கே பெரும்பாலும் சபர்பன் அல்லது ஆட்வுட் நிறுவனத்தின் ஃபர்னஸ்தான் இருக்கும் (ஆட்வுட்டை 2014இல் டோமெட்டிக் வாங்கிவிட்டது, அதனால் புது வண்டிகளில் டோமெட்டிக் என்று போட்டிருக்கும்).

வண்டியில் பல டக்ட் இருக்கிறதே, எதைச் சொல்கிறீர்கள்?

ஃபர்னஸிலிருந்து கிளம்பி தரையிலோ அலமாரி அடியிலோ இருக்கும் கிரில்லுக்குப் போகிற 4 அங்குலக் குழாயை. சில வண்டிகளில் இதோடு தண்ணீர் டாங்க் இருக்கும் அறைக்கு ஒரு 2 அங்குலக் குழாயும் தனியாகப் போகும், அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. கூரை ஏசியின் காற்றுப்பாதை வேறு சமாச்சாரம். அது பெரும்பாலும் நெளிகுழாயே இல்லை, கூரைக்குள் வெட்டிவிட்ட வாய்க்கால், அங்கே ஏசி உட்காரும் இடத்தில் ஃபாயில் டேப் விட்டுப்போய்க் குளிர்காற்று கூரைக்குள்ளேயே சுற்றும். கிளாஸ் ஏ எனப்படும் பஸ் வடிவ வண்டிகளில் டாஷ்போர்டுக்குப் பின்னால் கண்ணாடிக்குப் போகும் கறுப்புக் குழாய் ஒன்றும் உண்டு, சாலை அதிர்ச்சியில் கழன்று தொங்கும். கீழே பார்க்கப்போகிற இணைக்கும் முறை அதற்கும் பொருந்தும்.

ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் படுக்கையறை ஜில்லென்று இருக்கிறது. டக்ட்தான் காரணமா?

அநேகமாக ஆமாம். ஆனால் எந்த மாதிரிக் கோளாறு என்பதை ஃபர்னஸ் ஓடும் விதத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம், டேப் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து அதன் சத்தத்தைக் கேளுங்கள்.

குழாய் கழன்றோ பெரிதாகக் கிழிந்தோ இருந்தால் காற்றுக்குத் தடையே இருக்காது, ஃபர்னஸ் நிம்மதியாக ஓடும், தீயும் நன்றாக எரியும், சூடு மட்டும் வண்டிக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் கேட்கும் சூடு வராததால் அது நிற்கவே நிற்காது.

குழாய் நசுங்கியோ மடிந்தோ இருந்தால் கதை தலைகீழ். சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஃபர்னஸ் உள்ளே கொதிக்கும், அதிசூட்டு ஸ்விட்ச் திறந்து தீயை அணைத்துவிடும், ஆனால் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி தீ பிடிக்கும், மறுபடி அணையும். விசிறிச் சத்தம் விடாமல் கேட்க, நடுவில் தீ மட்டும் வந்துவந்து போனால் நசுங்கலைத் தேடுங்கள். ஃபர்னஸ் திரும்ப இழுக்கும் காற்றுக்கான கிரில் முன்னால் யாராவது செருப்பு, பை என்று அடுக்கி வைத்திருந்தாலும் இதே அறிகுறிதான், அதையும் பார்த்துவிடுங்கள்.

விசிறி சுற்றியும் தீயே பிடிக்கவில்லை என்றால் டக்ட்டை விடுங்கள். விசிறி போதிய வேகம் எடுத்தால்தான் செயில் ஸ்விட்ச் மூடும், அது மூடினால்தான் கேஸ் திறக்கும். பேட்டரி இறங்கியிருந்தால் விசிறி அந்த வேகத்தை எட்டாது.

கொஞ்சம் ஒழுகினால் என்ன, குளிர்காலம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமே?

கணக்கைப் பாருங்கள். 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4.7 கேலன் புரொப்பேன், ஏறக்குறைய 4,30,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு). சபர்பன் எஸ்எஃப்-30 மாதிரி மணிக்கு 30,000 பிடியூ எரிக்கும் ஃபர்னஸ் நிற்காமல் எரிந்தால் அது 14 மணி நேரம்தான் வரும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் மறுநாள் காலை பத்துக்குக் காலி. மோட்டார்ஹோமில் அடியில் பொருத்திய டாங்க் இதைவிடப் பெரிதுதான், ஆனால் விகிதம் அதேதான். கூடவே விசிறி 12 வோல்ட் பேட்டரியையும் தின்றுகொண்டிருக்கும், மின் இணைப்பு இல்லாத இடத்தில் முகாம் போட்டிருந்தால் விடியற்காலையில் பேட்டரி இறங்கி ஃபர்னஸே நின்றுவிடும். தள்ளிப்போடக்கூடிய வேலை இல்லை இது.

தரையைப் பிரிக்காமல் எங்கே கிழிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் ஒவ்வொரு கிரில்லாகப் போய் வரும் காற்றின் வேகத்தைக் கையால் பாருங்கள், பிறகு மலிவான இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் சூட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஃபர்னஸுக்குத் தூரத்தில் இருப்பது கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு. பக்கத்துக் கிரில் சூடாகவும் அதே வரிசையில் அடுத்தது செத்துப்போயும் இருந்தால் இடைப்பட்ட பகுதியில்தான் கோளாறு. எல்லாமே மந்தமாக இருந்தால் ஃபர்னஸை ஒட்டிய இணைப்பைப் பாருங்கள், நான் பார்த்த வரையில் கழன்றுபோவது அங்கேதான் அதிகம்.

அப்புறம் கிரில்லைக் கழற்றிவிட்டு, போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமராவைக் குழாய்க்குள் விடுங்கள். அதை இதற்காகவே வாங்கினாலும் தப்பில்லை. வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை, முன்னால் சுவர் போலச் சுருக்கம் தெரிந்தால் நசுங்கல், பஞ்சும் துணித்துண்டும் தெரிந்தால் எலிக்கூடு.

கை எட்டும் இணைப்புகளில் டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்துப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், படபடத்தால் ஒழுக்கு. ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புரொப்பேன் குழாய் ஓடும் அறைக்குள் நெருப்போடு தலையை விட வேண்டாம், டிஷ்யூ போதும்.

இந்தக் குழாய் ஏன் கிழிகிறது?

முக்கியமான கேள்வி இது. காரணத்தை விட்டுவிட்டு ஒட்டினால் அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் மறுபடி படுத்துக்கொண்டு ஒட்டுவீர்கள்.

எலி முதல் காரணம். சுண்டெலி நுழைய கால் அங்குல ஓட்டை, அதாவது 6 மில்லிமீட்டர் போதும். வண்டியை நிறுத்தி வைக்கும் மாதங்களில் டக்ட் அதற்குக் கதகதப்பான சுரங்கம். அடுத்தது உராய்வு: தாங்குபட்டை இல்லாமல் தொங்கும் குழாய் ஓடும்போது ஸ்க்ரூ முனையிலோ சட்டத்தின் விளிம்பிலோ உரசிக்கொண்டே இருக்கும், ஒருநாள் பொத்துக்கொள்ளும். மூன்றாவது நாமே செய்வது. அலமாரி இழுப்பறைக்குப் பின்னால் குழாய் ஓடுவது தெரியாமல் பொருளைத் திணித்து நசுக்குவது, கட்டிலுக்கடியில் கனமான பெட்டியைத் தள்ளுவது எல்லாம் இதில் சேரும். நான்காவதையும் சொல்ல வேண்டும், தயாரிக்கும்போதே ஒழுங்காக மாட்டாமல் டேப்பை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பிவிடுவது. புது வண்டியாயிற்றே என்று நம்ப வேண்டாம்.

குழாய்க்குள் எலிப் புழுக்கை இருக்கிறது. வேக்குவம் போட்டு இழுத்துவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். வட அமெரிக்காவில் மான் எலி என்று சொல்லப்படும் சுண்டெலியின் சிறுநீரிலும் எச்சத்திலும் ஹான்டாவைரஸ் இருக்கலாம், காய்ந்த எச்சம் தூசியாகக் கிளம்பினால் மூச்சு வழியாக உள்ளே போகும். 1993இல் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் ஃபோர் கார்னர்ஸ் பகுதியில்தான் இந்த நுரையீரல் நோயை முதலில் அடையாளம் கண்டார்கள். 2012இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 10 பேருக்கு வந்து 3 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தங்கியிருந்தது இரட்டைச் சுவர் கொண்ட கூடாரக் குடில்களில், அந்தச் சுவர்களுக்கு இடையிலிருந்த இன்சுலேஷனில் எலிகள் கூடு கட்டியிருந்தன. மோட்டார்ஹோமின் அடிவயிறும் கிட்டத்தட்ட அதே அமைப்புதான்.

கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட்டம் விடுங்கள், அந்த நேரம் நீங்கள் வெளியே இருங்கள். ரப்பர் கையுறை போடுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எச்சமும் கூடும் நன்றாக நனையும்படி தெளித்து ஐந்து நிமிடம் விட்டு, காகிதத் துண்டால் எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். பெருக்கவோ வேக்குவம் போடவோ வேண்டாம். எலி குடியிருந்த நெளிகுழாயைக் கழுவிப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள், அதன் மடிப்புகளுக்குள் சுத்தம் செய்யவே முடியாது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள். எல்லாம் முடியும்வரை ஃபர்னஸ் விசிறியைப் போடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

ஒட்டினால் போதுமா, குழாயையே மாற்ற வேண்டுமா?

கை எட்டும் இடத்தில், விரல் அகலத்துக்குள் ஒரு கீறல், குழாய்ச் சுவரில் இருக்கும் கம்பிச்சுருள் வளையாமல் இருக்கிறது என்றால் ஒட்டலாம். கம்பி வளைந்திருந்தால், அலுமினியம் பல இடத்தில் வெடித்திருந்தால், விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தால், எலி போயிருந்தால் மாற்றுங்கள். நடுவில் ஒரு அடி மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டுத் தகர இணைப்பு வைத்துச் சேர்க்கலாம், ஆனால் மொத்தமே ஐந்தாறு அடி நீளம்தான் என்றால் ஒரே துண்டாகப் புதிது போடுவதுதான் என் வழக்கம். ஒவ்வொரு இணைப்பும் நாளை கழலக்கூடிய இன்னொரு இடம்.

எந்த டேப்? டக்ட் டேப் இருக்கிறதே?

சாம்பல் நிறத் துணி டக்ட் டேப்பை டக்ட்டில் ஒட்டாதீர்கள். பெயரில் மட்டும்தான் டக்ட். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் 1990களின் இறுதியில் டக்ட் அடைக்கும் பொருட்களைச் சூடும் குளிருமாக மாற்றி மாற்றிக் காற்றடித்துச் சோதித்தார்கள். மற்றவை தாங்கின, துணி டேப் மட்டும் பெயர்ந்துவந்தது. சூட்டில் அதன் ரப்பர் பசை காய்ந்துபோகிறது.

வாங்க வேண்டியது யுஎல் 181 (டக்ட்டுக்கான அமெரிக்கத் தரக்குறியீடு) என்று அச்சிட்ட அலுமினிய ஃபாயில் டேப். நெளிகுழாய்க்கு யுஎல் 181பி என்று போட்டிருக்கும். ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள், குளிராக இருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்குங்கள், கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலமாவது போகும்படி ஒட்டி, பிளாஸ்டிக் அட்டையால் அழுத்தித் தேயுங்கள். அழுத்தித் தேய்க்காவிட்டால் நல்ல டேப்பும் உரிந்துவிடும். முடிந்தால் குழாயை முழுச் சுற்றுச் சுற்றி டேப் தன் மேலேயே ஒட்டும்படி முடியுங்கள்.

துணி காய வைக்கும் டிரையரின் வெள்ளை வினைல் குழாயும் 4 அங்குலம்தான், விலையும் குறைவு. அதைப் போடலாமா?

வேண்டாம். ஃபர்னஸ் வாயில் வரும் சூட்டுக்கு அது செய்யப்பட்டதல்ல, இளகிப்போகும், தீப்பிடிக்கவும் வழி செய்யும். மெல்லிய பளபள ஃபாயில் குழாய் அளவு ஒத்துப்போனாலும் எலிக்கும் உராய்வுக்கும் இரண்டு வாரம்கூடத் தாங்குமா என்பது சந்தேகம். ஃபர்னஸின் நிறுவல் கையேட்டில் டக்ட் தாங்க வேண்டிய வெப்பநிலை போட்டிருக்கும், பெட்டியில் அச்சிட்ட எண் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். பெட்டியில் எண்ணே இல்லை என்றால் அது நமக்கான சரக்கு இல்லை.

சரி, புதுக் குழாயை எப்படி மாட்டுவது?

முதலில் தெர்மோஸ்டாட்டை அணைத்து, ஃபர்னஸின் ஃப்யூஸைக் கழற்றி, புரொப்பேன் வால்வை மூடுங்கள். விசிறி திடீரென்று சுற்றினால் கை போகும்.

பழையதை உருவும்போது அது ஓடும் வழியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முனையில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுத்தால் புதுக் குழாயை அதே கயிற்றால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம், கை போகாத சந்துகளில் இது இல்லாமல் முடியாது.

புதுக் குழாய் பெட்டிக்குள் சுருங்கி இருக்கும். அதை முழு நீளத்துக்கு இழுத்துவிட்டு அளந்து வெட்டுங்கள். மிச்சம் இருக்கட்டும் என்று சுருக்கத்தோடு உள்ளே திணிப்பவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் உள்ளே ஒவ்வொரு மடிப்பும் காற்றை மறிக்கும், புதுக் குழாய் போட்டும் கடைசிக் கிரில்லில் காற்று வரவில்லை என்று புலம்புவதற்கு இதுதான் காரணம். வளைவுகளும் அப்படித்தான்: வளைவின் ஆரம் குழாயின் விட்டத்துக்குக் குறையக் கூடாது, 4 அங்குலக் குழாயை 4 அங்குல ஆரத்தைவிடச் சிறிதாக இறுக்கி மடிக்காதீர்கள். இடம் பற்றாது என்றால் அந்த இடத்தில் ஒரு தகர எல்போ (வளைந்த இணைப்பு) வையுங்கள்.

காலரின் (குழாயை மாட்டும் வட்ட வாய்) மேல் குழாய் குறைந்தது ஒரு அங்குலம் ஏற வேண்டும், இரண்டு ஏறினால் நல்லது. அதன் மேல் எஃகு வார்ம் கிளாம்ப் (ஸ்க்ரூவைத் திருகி இறுக்கும் வளையப் பட்டை) போட்டு இறுக்கி, பிறகு ஃபாயில் டேப்பை இரண்டு சுற்று. பிடிப்பது கிளாம்ப், டேப் காற்றை அடைக்க மட்டும். டேப்பை நம்பி கிளாம்ப்பை விட்டுவிட்டால் சாலை அதிர்ச்சியில் கழலும். வீட்டு ஏசி வேலையில் பிளாஸ்டிக் டை போடுவார்கள், ஓடும் வண்டியில் ஃபர்னஸை ஒட்டிய இடத்தில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆட்வுட் வகை ஃபர்னஸ்களில் காலர் திருகிப் பூட்டுவது மாதிரி இருக்கும், பூட்டு சரியாக உட்கார்ந்ததா என்று அசைத்துப் பாருங்கள்.

இரண்டு துண்டைச் சேர்ப்பதாக இருந்தால் நடுவில் 4 அங்குல நீளத் தகர இணைப்பு ஒன்றை வைத்து இரு பக்கமும் இதே முறை.

தொங்கும் நீளத்துக்கு நான்கைந்து அடிக்கு ஒரு பட்டை கட்டுங்கள், ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத அகலத்தில். மெல்லிய கம்பியாலோ டையாலோ கட்டினால் அது குழாயின் இடுப்பை நெரித்துவிடும். ஓர் அடி நீளத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் தொய்வு இருக்கக் கூடாது. சட்டத்தின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் பழைய ஃபோம் துண்டையோ பிளந்த ரப்பர் ஹோஸையோ விளிம்பில் செருகிவிடுங்கள்.

ஒரு 4 அங்குலக் குழாய்க்குப் பதில் இரண்டு 2 அங்குலம் போடலாமா? இல்லை, அந்தக் கிரில்லையே மூடிவிட்டால்?

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 4 அங்குலக் குழாயின் வாய் ஏறக்குறைய 12.5 சதுர அங்குலம், 2 அங்குலத்தினுடையது 3.1. நான்கு குழாய் போட்டால்தான் ஒன்றுக்கு ஈடு, உராய்வையும் சேர்த்தால் அதுவும் போதாது. ஒவ்வொரு ஃபர்னஸுக்கும் மொத்தம் இவ்வளவு டக்ட் பரப்பு இருந்தே ஆக வேண்டும் என்று கையேட்டில் குறைந்தபட்ச அளவு உண்டு, அதற்குக் கீழே போனால் மேலே சொன்ன அதிசூட்டு ஸ்விட்ச் விளையாட்டு ஆரம்பமாகிவிடும். அதே காரணத்தால் கிழிந்த குழாயின் வாயை அடைத்துவிட்டு மீதியோடு ஓட்டுவதும், பயன்படுத்தாத அறையின் கிரில்லை மூடிவைப்பதும் சரிவராது.

வண்டிக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக் பலகை மூடியிருக்கிறது. அதை வெட்டலாமா?

கொரோப்ளாஸ்ட் என்று சொல்லும் நெளிவுப் பலகை அது. வெட்டுவதற்கு முன் ஓரத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி இறக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் மூன்று பக்கம் மட்டும் வெட்டி நான்காவது பக்கத்தைக் கீல் மாதிரி மடித்துக்கொள்ளுங்கள். கத்தி நுனியை ஆழமாக விடாதீர்கள், பின்னால் ஒயரும் பிரேக் குழாயும் டாங்கும் இருக்கலாம். மூடும்போது அகல வாஷர் போட்ட ஸ்க்ரூவும் நல்ல வெளிப்புற டேப்பும் வேண்டும், ஓட்டை விட்டால் எலிக்கு நீங்களே கதவு வைத்த மாதிரி. வண்டியை சமப்படுத்தும் ஜாக்கை நம்பி அடியில் போகக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எடையை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தினால் மட்டும் போங்கள்.

டாங்க் பக்கம் போகும் 2 அங்குலக் குழாய்தான் கிழிந்திருக்கிறது. விட்டுவிடலாமா?

உறைநிலைக்குக் கீழே போகாத இடத்தில் விடலாம். மினசோட்டா, ஒன்டாரியோ குளிரில் விட்டால் டாங்க் வால்வு உறைந்து வெடிக்கும், டக்ட் செலவைவிட அது பல மடங்கு. பிளாஸ்டிக் டாங்க்கின் மேல் சூட்டுக்காற்று நேராக அடிக்காமல், அறைக்குள் விடும்படி முனையை வையுங்கள்.

கிழிந்த டக்ட் வழியாக கார்பன் மோனாக்சைடு வருமா?

டக்ட்டில் ஓடுவது அறைக்காற்றுதான், எரிந்த வாயு தனி அறையிலிருந்து வெளிச்சுவர் வழியாகப் போய்விடும். அதனால் கிழிசல் மட்டும் ஆபத்தில்லை. ஆனால் டக்ட் மடிந்து ஃபர்னஸ் திரும்பத் திரும்ப அதிகச் சூட்டில் ஓடியிருந்தால் எரியறையில் விரிசல் விட வாய்ப்புண்டு, அப்போது வரும். அடியில் டக்ட் திறந்து கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் புகைக்குழாய் இருந்தாலும் கவனம் வேண்டும். வண்டியில் உள்ள கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்புறம் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், வேலை தொடங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். பச்சை விளக்கு எரிவதால் மட்டும் அது வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது.

நடுராத்திரி, நடுவழி, கையில் ஒன்றும் இல்லை. இன்றிரவைத் தாண்ட வேண்டும்.

அமெரிக்கக் கடைகளில் விற்கும் 28 அவுன்ஸ் தக்காளி டப்பாவின் விட்டம் ஏறக்குறைய 4 அங்குலம். இரண்டு பக்க மூடியையும் வெட்டி, கழுவி, விளிம்பைத் தட்டிவிட்டால் கிழிந்த இரு முனைகளுக்கும் நடுவில் செருகலாம். கிளாம்ப் கிடைத்தால் கிளாம்ப், இல்லையென்றால் கம்பி. உள்பூச்சு சூட்டில் வாடை அடிக்கலாம், காலையில் கடை திறந்ததும் சரியான தகர இணைப்பை வாங்கி மாற்றிவிடுங்கள்.

ஐரோப்பிய வண்டி வைத்திருக்கிறேன், இதெல்லாம் பொருந்துமா?

முறை பொருந்தும், அளவு பொருந்தாது. அங்கே பெரும்பாலும் ட்ரூமா ஹீட்டர், அதன் காற்றுக்குழாய் 65 மில்லிமீட்டர் வகை, அமெரிக்கக் கடைச் சாமான் சேராது. அந்த நிறுவனத்தின் சொந்தக் குழாயும் இணைப்பும் வாங்குவதுதான் தலைவலி இல்லாத வழி.

வேலை சரியாக முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

ஃபர்னஸை இருபது நிமிடம் ஓடவிட்டு, முன்பு எழுதிவைத்த கிரில் சூட்டோடு ஒப்பிடுங்கள். இணைப்புகளில் டிஷ்யூவைப் பிடியுங்கள். தீ நடுவில் அணையாமல், தெர்மோஸ்டாட் கேட்ட சூடு வந்ததும் தானாக நிற்க வேண்டும். பிறகு கரடுமுரடான சாலையில் ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து கிளாம்ப்புகளை மறுபடி இறுக்குங்கள். எலி வந்த ஓட்டையை எஃகுப் பஞ்சு அடைத்து மேலே சீலன்ட் பூசுங்கள், ஃபோம் மட்டும் அடித்தால் கடித்துவிடும்.

பேசாமல் கடையில் கொடுத்துவிட்டால்?

தரையின் இரண்டு பலகைகளுக்கு நடுவில் குழாய் ஓடினால், அல்லது ஃபர்னஸையே வெளியே எடுக்க வேண்டியிருந்தால் கொடுத்துவிடுங்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குவார்கள், தேடுவதற்கும் அதே கூலிதான். அதனால் எந்தக் கிரில்லில் எவ்வளவு சூடு என்று எழுதிய தாளையும் எண்டோஸ்கோப் படத்தையும் கொண்டுபோய்க் கொடுங்கள், கிளாம்ப் போடச் சொல்லியும் கேளுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பழைய குழாயைக் காட்டச் சொல்லுங்கள்.